வாசலில் ஒரு லோடு

லாரியைப் பின்னால் எடுக்கக் கை காட்டுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது. இது ஜல்லியாரின் சட்டம். தன்னிடம் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஒப்பிப்பார். கையைத் தன் பக்கம் அசைத்தால் ‘வா’ என்று அர்த்தம். கையை மேலே தூக்கினால் ‘கொட்டு’ என்று அர்த்தம். நடுவில் மூக்கு அரித்தாலும் சொறியாதே, டிரைவர் கண்ணாடியில் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று காலை அந்தச் சட்டத்தை மீறியவர் சாட்சாத் ஜல்லியாரேதான்.

ஒரு கையில் போன். மறுமுனையில் மகள்.

“அப்பா, கிளம்பிட்டோம். அம்மாவும் வர்றாங்க.”

‘அம்மாவும்’ என்று காதில் விழுந்ததுதான் தாமதம், காலியாக இருந்த கை தானாகக் கிளம்பி, வரட்டும் வரட்டும் என்று காற்றில் ஆடியது. லாரி பின்னால் வந்தது.

“ஆனா தங்க முடியாதுப்பா. வேன் வாடகைக்கு எடுத்திருக்கோம், சாயங்காலமே திரும்பணும்.”

“வேனா? வேன் எதுக்கு?” என்று கேட்டபடி, ஒன்றும் புரியாதவர் செய்வதுபோல் கையை மேலே தூக்கினார்.

லாரியின் முதுகு எழுந்தது.

தோட்டத்தின் பின்பக்கம் போக வேண்டிய ஜல்லி ஒரு லோடும், வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு இறங்கியது. கேட்டின் ஒரு கதவு அடியில் மாட்டிக்கொண்டு, யாரோ காதைப் பிடித்துத் திருகினாற்போல் வளைந்து நின்றது.

டிரைவர் இறங்கி வந்து குவியலைப் பார்த்தார். பிறகு குவியலுக்கு அந்தப் பக்கம் தலை மட்டும் தெரிந்த ஜல்லியாரைப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க காட்டினீங்க. நான் கொட்டினேன்.”

“நான் எங்கப்பா காட்டினேன்? பேசிட்டிருந்தேன்.”

“கையால பேசினா எனக்கு எப்படிண்ணே தெரியும்?”

“சரி, திருப்பி அள்ளிக்க முடியுமா?”

“இந்த வண்டிக்குக் கொட்டத்தான் தெரியும்ணே. அள்ளத் தெரியாது,” என்று சொல்லிவிட்டு, அடுத்த லோடுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் கிளம்பிவிட்டார்.

ஆக, சொந்தக் காசில் ஜல்லி வாங்கித் தன்னைத் தானே வீட்டுக்குள் பூட்டிக்கொண்ட முதல் மனிதராக ஜல்லியார் தோட்டத்தில் நின்றார். இதை யாரிடமாவது சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொல்லத்தான் ஆளில்லை.

ஜல்லியார் என்பது அப்பா அம்மா வைத்த பேர் இல்லை. வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் தோட்டம், நடைபாதை, கார் நிறுத்துமிடம் போட்டுத் தருகிற ஒப்பந்தக்காரர் அவர். அந்தப் பேர் தொழிலால் வந்ததா, எந்நேரமும் எதையாவது அடித்துவிடும் அவர் வாயால் வந்ததா என்பதில் அவருக்கே சந்தேகம் உண்டு.

மனைவி மகள் வீட்டுக்குப் போனது மழைக்காலத்துக்கு முன்னால். பேரன் பிறந்திருந்தான், கூடமாட ஒரு ஆள் வேண்டும். நியாயம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜல்லியார் போன் போடுவார். குழந்தைக்குச் சளி என்பாள். மழை விடட்டும் என்பாள். பார்க்கலாம் என்பாள். சளி போனது. மழை விட்டது. பேரனைப் பகல்நேரக் காப்பகத்தில் சேர்த்தாயிற்று. கடைசியில் அந்தப் ‘பார்க்கலாம்’ ஒன்றுதான் பாக்கி நின்றது.

வீட்டில் பேச்சுத் துணைக்கு டிவி. அதற்கு இவர் சொல்வது கேட்காது. போன வாரம், கடன் வேண்டுமா சார் என்று ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். ஜல்லியார் அவளிடம் பேச ஆரம்பித்து, தன் தொழில், லாரி, பேரன், முழங்கால் வலி என்று ஒரு சுற்றுப் போய் வந்தார். கடைசியில், “சார், எனக்கு அடுத்த கால் இருக்கு” என்று அவளே போனை வைத்துவிட்டாள். கடன் கொடுக்க வந்தவளையே துரத்தியடித்த பெருமை ஊரில் வேறு யாருக்கு உண்டு?

மண்வெட்டியையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியையும் எடுத்து வந்தார். ஆட்களெல்லாம் பல் டாக்டரம்மாவின் கிளினிக் வேலையில் இருந்தார்கள். வேன் வருவதற்குள் ஒரு ஆள் நுழைகிற அளவுக்காவது வழி வேண்டும். மனைவி உள்ளே வர வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. உள்ளே வந்துவிட்டால், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அவருடைய நம்பிக்கையெல்லாம் இந்த ஜல்லிமேல்தான் இருந்தது. வீட்டிலிருந்து பின்பக்கத் துணிக்கொடிவரை வெறும் மண் தரை. மழை வந்தால் சேறு. ஈரத்துணி வாளியோடு மனைவி ஒருமுறை வழுக்கி விழுந்து, வாரக்கணக்கில் நொண்டியிருக்கிறாள். ஒரு பாதை போடுங்க என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் பாதை போடுகிறவர், அடுத்த வேலை முடியட்டும் என்றார். அடுத்த வேலை முடிந்தால் அதற்கடுத்த வேலை.

நேற்றுத்தான் கல் யார்டுக்குப் போய், முதல்முறையாக வாடிக்கையாளர் பக்கம் நின்றார்.

“யார் வீட்டுக்குண்ணே?” என்றார் யார்டுக்காரர்.

“என் வீட்டுக்கு.”

யார்டுக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “கருங்கல் ஜல்லியா, உடைச்ச கான்கிரீட்டா?”

மற்றவர்களுக்குச் சொல்கிற பாடத்தை ஜல்லியார் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கருங்கல் ஒரு லோடு விலைக்கு உடைத்த கான்கிரீட் கிட்டத்தட்ட இரண்டு லோடு வரும். இடித்த கட்டடத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தவிக்கிறவனிடமிருந்து வருகிற சரக்கு, அதனால் மலிவு. ஆனால் யார்டு தூரமாக இருந்தால் லாரி வாடகையே அந்த லாபத்தை விழுங்கிவிடும். பாதைக்கு அடியில் போடுவது யார் கண்ணில் படப்போகிறது? கீழே கான்கிரீட்டைப் போட்டு, தண்ணீர் தெளித்து இறுக்கி, மேலே மெல்லிசாகக் கருங்கல் பரப்பினால் போதும். உருண்டைக் கூழாங்கல் மட்டும் வேண்டாம். பார்க்க அழகு, கால் வைத்தால் உருளும். முனை முனையாக உடைந்த கல்தான் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும்.

அசையாமல் நிற்கத்தான் செய்தது. மண்வெட்டி உள்ளே போகவே மறுத்தது.

முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். பல் டாக்டரம்மா.

“உங்க ஆளுங்க ஏதோ பழைய கான்கிரீட்ட கொண்டுவந்து கொட்டறாங்க. என் கிளினிக் வாசல்ல இடிஞ்ச வீட்டைப் போடப் போறீங்களா?”

“மேடம், நீங்க மட்டும் கெட்ட பல்லைப் பிடுங்கிட்டு அது மேல புதுப் பல் வைக்கலியா? நான் கெட்ட வீட்டைப் பிடுங்கி, அது மேல உங்க காரை வைக்கிறேன்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “உறுதியா இருக்குமா?”

“கார் நிக்கிற இடத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. தூளும் கல்லுமா கலந்திருக்கு, தண்ணி விட்டு ரோலர் ஓட்டினா அப்படியே இறுகிடும். கம்பித் துண்டு ஏதும் கிடக்குதான்னு பார்த்துப் பொறுக்கிடுவாங்க.”

“செடிப் பக்கமும் அதையே போட்டுடுங்க. செலவு குறையுமே.”

“அது மட்டும் வேண்டாம் மேடம். மழை பெஞ்சா அதிலேர்ந்து சுண்ணாம்பு இறங்கும். சில செடிக்கு ஆகாது. எலுமிச்சையெல்லாம் இருந்தா வெளுத்துப்போயிடும். செடிப் பக்கம் கருங்கல்தான்.”

போனை வைத்தார். திரும்பினார். எதிரே எலுமிச்சை மரம் நின்றுகொண்டிருந்தது.

இலையெல்லாம் வெளிர் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. மரத்தின் காலடியில், தூரோடு தூராக, ஒரு குவியல் உடைத்த கான்கிரீட். ஏதோ ஒரு பள்ளிக்கூட வேலையின் மிச்சம்.

அவருடைய கணக்கு எப்போதும் இப்படித்தான். நீளத்தை அகலத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, ரோலர் ஓட்டினால் கல் இறங்கும் என்று கொஞ்சம் கூட்டிக்கொள்வார். குறைந்துபோய் வேலை நிற்கக் கூடாது. வேலை முடிந்ததும் கூடுதலாக நிற்பதை எங்கே கொட்டுவது? வீட்டுக்கு வரும். ஓட்டலின் வெள்ளைக் கூழாங்கல், வங்கியின் கருங்கல், யார் யார் வீட்டுச் செங்கல் தூளோ. மனைவி தக்காளியும் கீரையும் போட்டிருந்த பாத்தி ஒரு மூலையிலிருந்து குறைய ஆரம்பித்தது. ஒவ்வொரு குவியல் வந்து இறங்கும்போதும் அவள் வாசலில் வந்து நின்று கேட்பாள்: “இது எந்த வீட்டு மிச்சம்?” அவர் சொல்வார். அவள் உள்ளே போய்விடுவாள்.

எலுமிச்சை வெளுக்கிறது என்றும் ஒருநாள் சொன்னாள். “இலையும் சேர்த்துப் பழுக்குது பாரு, ரெட்டை விளைச்சல்” என்றார் ஜல்லியார். அவள் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தின் பக்கம் இரண்டடி வைத்தார். பிறகு வாசலைப் பார்த்தார். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமிருந்தது. வாசலுக்கே திரும்பினார்.

வேன் வந்து நின்றபோது, குவியலை ஓரமாக அறுத்து ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்து வரும் அளவுக்கு வழி செய்திருந்தார். தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூள். மகள் இறங்கி, இரண்டு காலிப் பைகளைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

“அப்பா, என்ன இது?”

“வரவேற்பு வளைவு. வளைவு மட்டும் இன்னும் வரல.”

“முகத்தைத் தொடைங்க. மாவு மில்லிலேர்ந்து தப்பிச்சு வந்தவர் மாதிரி இருக்கு.”

“அம்மா எங்க?”

“மருந்துக்கடையில இறங்கிட்டாங்க. நடந்து வர்றேன்னாங்க.” அவர் முகத்தைப் பார்க்காமல் வழியைப் பார்த்தாள். “இதுல மிஷின் வருமா?”

“எந்த மிஷின்?”

“தையல் மிஷின்பா.”

மகள் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போனாள். ஜல்லியார் மண்வெட்டியோடு பின்னாலேயே போனார். சமையலறையைத் தாண்டும்போது மேடையில் இரண்டு டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பதை அவள் பார்த்தாள். ஒன்று ஈரமாக இருந்தது. இன்னொன்றின்மேல் தூசி இருந்தது. அந்தத் தூசி டம்ளரை எடுத்துக் கழுவி, திரும்ப அங்கேயே வைத்தாள்.

அலமாரியிலிருந்து அம்மாவின் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். கம்பளியும் போனது. வெயில் தொடங்குகிற நேரத்தில் கம்பளி.

“நாலு நாள் தைக்கிறதுக்கு மிஷின் எதுக்கு? அங்க கடையே கிடையாதா?”

“நாலு நாள்னு யாருப்பா சொன்னா?”

“யாருமே ஒண்ணுமே சொல்லல. அதான் நானே ஒரு கணக்கு வச்சுக்கிட்டேன். கணக்குல நான் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவேன்.”

மகள் கையிலிருந்த துணியைக் கட்டில்மேல் வைத்தாள்.

“அம்மாகிட்ட நேரா கேளுங்கப்பா.”

“கேக்காமயா இருக்கேன்? வாரா வாரம் கேக்கறேன். பார்க்கலாம்ங்கறா.”

“நீங்க கேக்கறது கேள்வி மாதிரியா இருக்கு? உன் செருப்பு உன்னைத் தேடுது, உன் ஜன்னல் உன்னைத் தேடுதுன்னு சொல்றீங்க. அம்மா போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். வீட்டுல இருக்கற சாமானெல்லாம் தேடுது. நீங்க தேடறீங்கன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?”

ஜல்லியார் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.  

“நீயே சொல்லேன். உனக்குத் தெரியும்ல?”

“தெரியும். ஆனா நான் சொன்னா நல்லா இருக்காதுப்பா,” என்றாள் மகள். கட்டில்மேல் வைத்த துணியை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

வெளியே குவியலுக்கு அந்தப் பக்கம் மனைவி வந்து நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். தலைமுடியை வேறு மாதிரி வாரியிருந்தாள். வளைந்த கேட்டைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

“இது எந்த வீட்டு மிச்சம்?”

“மிச்சமில்ல.” ஜல்லியாருக்குக் குரல் ஏறிவிட்டது. “நமக்குன்னே வாங்கினது. முழு லோடு. யார்டுக்காரன் நம்பவே இல்ல.”

அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். கட்டைவிரலால் வெள்ளைத் தூளைத் தேய்த்தாள்.

“துணிக்கொடிக்குப் போற வழிக்கா?”

“ஆமா. கீழ இது, மேல கருங்கல். எவ்வளவு மழை பெஞ்சாலும் சேறு வராது. நீ செருப்பில்லாமகூடப் போகலாம். சரி, செருப்போட போ, குத்தும்.”

“நல்லா இருக்கும்,” என்றாள்.

அடுத்தவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் சொல்வார்களே, அந்தத் தொனியில் சொன்னாள். எத்தனையோ வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்று அந்தத் தொனியைக் கேட்டவர் அவர். வாங்காதவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

வழியில் பக்கவாட்டாக நுழைந்து வந்தாள். வீட்டுப் படி ஏறாமல் நேராக எலுமிச்சையிடம் போனாள். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காலால் தூரின் பக்கத்திலிருந்த கான்கிரீட்டைக் கொஞ்சம் தள்ளினாள்.

“இதை மட்டும் எடுத்துடுங்க. மரம் பொழைச்சுக்கும்.”

“இன்னிக்கே எடுத்துடறேன்.”

“இன்னிக்கு முதுகு தாங்காது. நாளைக்கு ஆளை வச்சு எடுங்க,” என்றவள், கையிலிருந்த மருந்துக்கடைப் பொட்டலத்தை நீட்டினாள். முதுகுவலிக்குத் தடவுகிற களிம்பு. “காலையில போன்ல லாரி சத்தம் கேட்டுச்சாம், லோடு வருதுன்னு பொண்ணு சொன்னா. நீங்க தனியாத்தான் அள்ளுவீங்கன்னு தெரியும்.”

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஜல்லியாருக்குத் தெரியவில்லை. வரப்போகிறவள் வாங்கி வருவதா, போகப்போகிறவள் கொடுத்துவிட்டுப் போவதா? டியூபின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அதிலும் பதில் எழுதியிருக்கவில்லை.

தையல் மிஷினை மகளும் வேன் டிரைவரும் படிவரை தூக்கி வந்தார்கள். குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் போக இடமில்லை. எல்லோரும் தள்ளுவண்டியைப் பார்த்தார்கள். பிறகு யாரும் எதையும் பார்க்காமல் நின்றார்கள்.

ஜல்லியாரே மிஷினை வண்டியில் ஏற்றினார். பழைய போர்வையை அடியில் மடித்துப் போட்டார், சாயாமல் இருக்க இரு பக்கமும் தலையணை வைத்தார். காலையிலிருந்து முதுகு ஒடிய வெட்டிய வழியில், அவள் உள்ளே வருவதற்கென்று வெட்டிய வழியில், அவளுடைய மிஷினை வெளியே தள்ளிக்கொண்டு போனார். சக்கரத்துக்கு அளவெடுத்தாற்போல் வழி சரியாக இருந்தது. வேலையில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

மிஷின் ஏறியது. பைகள் ஏறின. மகள் அப்பாவின் தோளில் இருந்த தூளைத் தட்டிவிட்டாள். தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது, விட்டுவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். வேன் டிரைவர் டயரைப் பார்க்கப் போகிறவர்போல் அந்தப் பக்கம் போனார்.

மனைவி வேனின் பின்கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“நான் ஒண்ணு கேக்கணும்,” என்றார் ஜல்லியார்.

“சொல்லுங்க. எது தேடுது?”

“இல்ல. இது வேற.”

கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். இன்று ஒரு தடவை இந்தக் கை பேசியது போதும். கடன் கொடுக்க வந்த பெண்ணிடம் மூச்சு விடாமல் பேசியவர், அந்த ஒரு வரியை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

“நான்தான் தேடறேன். செருப்பெல்லாம் ஒண்ணும் தேடல, நான்தான். நீ திரும்பி வருவியா, மாட்டியா?”

தெருவில் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. போனில் இத்தனை மாதமாகக் கேட்டுச் சலித்த அந்தப் ‘பார்க்கலாம்’ இப்போது வரும் என்று அவர் காத்திருந்தார். கொஞ்சம் ஆசையோடுகூட.

“வர மாட்டேங்க,” என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள்.

“கோபத்துல சொல்லல. கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. இந்த வீட்டுக்கு வந்ததெல்லாம் அடுத்தவங்களுக்குப் போட்டு மிச்சமானது. கல்லை மட்டும் சொல்லல. நீங்களும் அப்படித்தான் வருவீங்க. நாளெல்லாம் ஊரோட பேசிட்டு, மிச்சம் இருக்கற ஒரு ஜோக்கோட வருவீங்க. நானும் சிரிப்பேன். எலுமிச்சை வெளுக்குதுன்னு சொன்னப்ப, நான் எலுமிச்சையை மட்டும் சொல்லலங்க.”

அவர் தலையாட்டினார். தூள் உதிர்ந்தது.

“அங்க பொண்ணு வீட்டுல இல்ல நான். அதே தெருவுல மாடியில ஒரு ரூம் எடுத்திருக்கேன். நாலு பேர் தைக்கக் கொடுக்கறாங்க. ஜன்னல் பக்கம் தொட்டியில கீரை போட்டிருக்கேன், யாரும் எதையும் கொட்டறதில்ல.” கதவின் பிடியை விட்டுவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். “ரெண்டு பேர் இருக்கலாம் அந்த ரூம்ல. வரணும்னா வாங்க, நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா வேலையெல்லாம் முடிச்சுட்டு, ஆளுங்களை அனுப்பிட்டு, கடைசியா நேரம் மிஞ்சிச்சுன்னு வராதீங்க. அப்படி வந்தா கதவைத் திறக்க மாட்டேன்.”